பேசிக்கொண்டே உதைக்காதீர்கள்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களே,

இருபத்தேழு வயதில் ஒருவன் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மூன்று ஆண்டுகள் இந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிச் சங்கத்தின் பதிவுச் செயலாளனாக இருந்து, உறுப்பினர்களின் வண்டிகளை ஒவ்வொன்றாகப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்று, பதிவைப் புதுப்பித்துக் கொண்டுவந்தவன் நான். அந்தப் பணியில் ஓராண்டு, பிற பணிகளில் பத்தாண்டுக்குச் சமம். இதை மறுப்பவர் எவராயினும், ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு மே மாத வெயிலில் அந்த வரிசையில் நின்றுவிட்டு வந்து மறுக்கட்டும்.

என்னைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லிக்கொள்கிறேன். மதுரைப் பக்கத்திலிருந்து மென்பொருள் வேலைக்காக இந்த ஹைதராபாத்துக்கு வந்தவன். ஹப்சிகுடாவில் அறை. கல்லூரிக் காலம் முழுவதும் பட்டிமன்ற மேடையில் வளர்ந்தவன். எந்தத் தலைப்பானாலும், எந்த அணியானாலும், எதிரணி எழுந்து போகும்வரை பேசுவேன். நடுவர் மணி அடித்த பிறகும் மூன்று நிமிடம் பேசி, மணி அடித்தவரையே கைதட்ட வைத்தவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வது மரபு. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஏனெனில் இனி நான் சொல்லப்போவதில் பெருமைக்குரியது எதுவும் இல்லை.

முதலில் என் சொந்தத் தவறு ஒன்று.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இந்தக் கூட்டத்துக்கு வழிதவறி வந்திருக்கிறீர்கள். அந்த எண்ணெய்தான் இன்ஜினின் உயிர். புகை வருவதும் அதனால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹப்சிகுடா பெட்ரோல் பங்க்கில் என் வண்டியை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் இரண்டு இளைஞர்கள், "அண்ணா, எதுக்கு ஆயில் பாட்டில் கையில வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். கேள்வி கேட்கப்பட்டால் விடை சொல்லாமல் நகர்ந்த வரலாறு எனக்குக் கிடையாது. எண்ணெயின் இன்றியமையாமையைப் பற்றி ஏழு நிமிடம் பேசினேன். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே நிற்கும் சமாதானத் தூதுவன் அது என்றேன். பெட்ரோல் நிரப்பியவர் குழாயைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இளைஞர்கள் கைதட்டினார்கள். நான் தலைதாழ்த்தி வணங்கி, மூடியை மூடி, உதைத்துக் கிளம்பினேன்.

எண்ணெய் பாட்டில் என் பையில் முழுதாக இருந்தது.

இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் இன்ஜின் ஜாம் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அந்தக் கணத்தில் கிளட்சைப் பிடித்ததால்தான் என் முன்பற்கள் இன்றும் என்னுடன் இருக்கின்றன. சாலையோரம் வண்டியைத் தள்ளிச் சென்று நின்றபோது, கறுப்பு நிறத்தில் இரட்டைச் சைலன்சர் வைத்த இருநூற்றைம்பது சிசி வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நாற்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். கணவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.

"என்னாச்சு தம்பி?"

"உராய்வு மிகுதியால் இன்ஜின் நின்றுவிட்டது அக்கா."

"ஆயில் ஊத்துனியா?"

"ஆயிலோட முக்கியத்துவத்தைப் பத்தித்தான் அக்கா பங்க்ல இப்ப—"

"அது கேக்கல. ஊத்துனியா, ஊத்தலையா?"

"ஊத்தலை."

"ஹவ். அப்படிச் சொல்லு. இப்ப வாயை மூடிட்டு அந்தக் கல்லு மேல உக்காரு. இன்ஜினும் ஆறணும், நீயும் ஆறணும்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். இன்ஜின் ஆறியது, பிஸ்டன் இளகியது, எண்ணெய் ஊற்றினோம், வண்டி கிளம்பியது. ஒரு பொருளின் அருமையை அழகாக எடுத்துரைப்பதால் அந்தப் பொருள் தொட்டிக்குள் போய்விடாது என்பதை அன்று கற்றேன். கற்றேனே தவிர, திருந்தவில்லை. திருந்தியிருந்தால் இந்த உரையை இங்கேயே முடித்திருப்பேன்.

அவர்தான் நம் மல்காஜ்கிரி அக்கா. பெயரைச் சொன்னால் என் வண்டியின் பதிவை அவரே ரத்து செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்துவிடுவார்; ஆகவே சொல்லப்போவதில்லை. ரயில்வே அலுவலகத்தில் வேலை. மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து செகந்திராபாத்தில் ஊன்றிய கிறிஸ்தவக் குடும்பம். அவர் பேசும் தமிழில் ஹைதராபாத் முழுதும் வந்து உட்கார்ந்திருக்கும்; ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, எதற்கு என்பதற்கு ‘கைக்கு’. அவர்தான் அடுத்த ஞாயிறு என்னைத் திருமுல்கேரி மைதான ஓரத்தில் கூடும் நம் சங்கத்துக்கு அழைத்து வந்தார். "இவனை இன்ஜின் பக்கம் விடாதீங்க. ஆபீஸ் பக்கம் விடுங்க" என்று பரிந்துரைத்தவரும் அவரே. அப்படித்தான் நான் பதிவுச் செயலாளன் ஆனேன்.

இனி நான் சொல்ல வந்த செய்தி.

அக்காவின் வண்டிக்குப் பதிவுக் காலம் முடிந்திருந்தது. புதுப்பித்தால் ஐந்தாண்டுகளுக்குக் கவலை இல்லை. புதுப்பிக்காவிட்டால் அது சாலையில் ஓடும் உரிமையற்ற இரும்பு. இருபத்திரண்டாம் வயதில், முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து, திருமுல்கேரியில் பணி முடித்து ஊர் திரும்பவிருந்த ஒரு ராணுவக்காரரிடம் அவர் வாங்கிய வண்டி அது. பெண் ஓட்டுகிற வண்டியா இது என்று கேட்ட அத்தனை பேரையும் அந்த வண்டியிலேயே முந்திச் சென்றவர் அவர்.

ஆனால் அவருடைய கணவர் ஒரு நூலகர். கல்லூரி நூலகத்தில் நாற்காலி நகரும் ஓசைக்கே தலை நிமிர்ந்து பார்ப்பவர். அந்த அத்தானுக்குப் புகை ஆகாது, சத்தம் ஆகாது. மனைவியின் வண்டியில் ஏறாமல் சிட்டி பஸ்ஸில் போய்வருபவர். இருபது ஆண்டுகளாகப் பொறுத்தவர், பதிவு முடிந்ததும் தம் கோரிக்கையை முன்வைத்தார். போர்ட்டிகோவில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி வைக்க வேண்டும். மீன் பேசாது, புகை விடாது. நெடிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆய்வுக்கு மூன்று முறை வண்டியைக் கொண்டுபோகலாம். தேறினால் ஐந்தாண்டுகள் அத்தான் வாய் திறக்கமாட்டார். மூன்று முறையும் தேறாவிட்டால் வண்டி பழைய இரும்புக்காரரிடம் போகும்.

முதல் முறை, ஹாரன் ஒலிக்கவில்லை. அக்கா அதைச் சரிசெய்தார். இரண்டாம் முறை, ஹாரன் நிற்கவில்லை.

மூன்றாம் முறைக்கான நாள் குறிக்கப்பட்டபோது, அன்று காலை அக்காவால் விடுப்பு எடுக்க முடியவில்லை. அத்தான் அதற்குள் கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்து சுவரோரம் சாய்த்தும் விட்டார். அக்கா என்னிடம் சாவியையும், எனக்கு அதிகாரம் அளிக்கும் கடிதத்தையும், புகைச் சான்றிதழையும், சேஸிஸ் எண் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சையும் கொடுத்தார். கொடுக்கும்போது ஏதோ சொன்னார். அவர் உதடுகள் அசைந்தது நன்றாக நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பது நினைவில்லை. ஏனெனில் அந்நேரம் நான் ஆய்வாளர் முன் ஆற்றவேண்டிய உரையின் இரண்டாம் பத்தியை மனத்துக்குள் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இது என்று பிற்பாடு தெரிந்தது: "பாயின்ட்டைக் கொஞ்சம் அட்வான்ஸ்ல வச்சிருக்கேன் தம்பி. முழுசா உதை. பாதி உதை உதைச்சா திருப்பிக்கும்."

நண்பர்களே, "திருப்பிக்கும்" என்பதன் பொருளை இங்கே விளக்கிவிடுகிறேன். பாயின்ட்டை அட்வான்ஸில் வைப்பது என்றால், தீப்பொறி சற்று முன்கூட்டியே விழும்படி வைப்பது. அப்போது உதை முழுமையாக விழாவிட்டால், பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே தீப்பொறி விழுந்துவிடும். ஏறி வந்த பிஸ்டன் வந்த வழியே திரும்பும். அப்படியே இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கிவிடும். காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. சற்றுக் கரகரப்பாக, தொண்டையைச் செருமுவதுபோல ஓடும். ஆனால் முதல் கியரைப் போட்டால் வண்டி பின்னால் போகும். இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தத் திறமை கிடையாது. நம்முடையவற்றுக்கு உண்டு. நூல்களில் படித்திருந்தேன். அதைப் பற்றி ஒருமுறை நம் சங்கத்திலேயே பேசியுமிருக்கிறேன்.

போக்குவரத்து அலுவலகத்தின் பின்புறம், எட்டுப் போட்டுக் காட்டும் தடத்தின் ஓரம், வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஆய்வாளர். நாற்காலிக்குக் கீழே அவருடைய டிபன் கேரியர். சுற்றிலும் உரிமத் தேர்வுக்கு வந்த இளைஞர்கள். ஓர் அவை என்பதற்கு வேறென்ன வேண்டும்? ஆய்வாளர் பேசியது தெலுங்கு. நான் பேசியதும் தெலுங்கு என்றே நம்புகிறேன். உங்கள் வசதிக்காக இரண்டையும் தமிழில் தருகிறேன், இழப்பு தெலுங்குக்குத்தான்.

அவர் எழுந்து வந்து பென்சில் அச்சையும் சேஸிஸ் எண்ணையும் ஒப்பிட்டார். விளக்கைப் பார்த்தார். ஹாரனை அழுத்தினார், ஒலித்தது, விட்டார், நின்றது. பிறகு, "ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றார்.

அங்கே நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. உதைப்பது.

"ஐயா, அதற்கு முன் ஒரு வார்த்தை" என்றேன்.

வண்டியில் ஏறி அமர்ந்தபடியே அவையை நோக்கித் திரும்பினேன். இது வெறும் வாகனம் அன்று. ஒரு காலத்தின் குரல் என்றேன். உழைத்துச் சேர்த்த ஒரு பெண்ணின் தன்மானம் என்றேன். இளைஞர்கள் கைப்பேசிகளை உயர்த்தினார்கள். அது எனக்கு ஊக்கம் தந்தது. "புதியன ஆயிரம் வரலாம். ஆனால் இந்த வண்டி," என்று சொல்லிக்கொண்டே, கண்கள் அவை மீதும் கை வானத்தை நோக்கியும் இருக்க, காலால் கிக்கரை ஒரு தட்டுத் தட்டினேன். இன்ஜின் பற்றிக்கொண்டது. சற்றே செருமியது. அதை என் உணர்ச்சிக்கு அது தந்த மறுமொழி என்று எடுத்துக்கொண்டேன். "இன்றும் முன்னேறிச் செல்லும்!" என்று முடித்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

நம்பிக்கையோடும் நிதானத்தோடும் போனது. நாற்காலியின் மேல் ஏறியது. ஒரு கால் முறிந்தது. நாற்காலியின் காலைச் சொல்கிறேன். கைப்பிடியில் வைத்திருந்த தேநீர் கவிழ்ந்தது. டிபன் கேரியர் உருண்டு தடத்தின் நடுவே போய் நின்றது, மூடி திறக்கவில்லை. அன்று காலை எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

கைதட்ட வேண்டிய கைகளெல்லாம் கைப்பேசிகளைப் பிடித்திருந்தன.

ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தார். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார்.

"ரிவர்ஸ் கியர் எப்போ போட்டீங்க?"

"ஐயா, இதில் ரிவர்ஸ் கியர் இல்லை."

"நான் பார்த்தேனே?"

"இன்ஜினே எதிர்த்திசையில் சுற்றியது ஐயா."

"இன்ஜின் எப்படிப்பா எதிர்ப்பக்கம் சுத்தும்? அனுமதியில்லாம வண்டியை மாத்தி அமைச்சிருக்கீங்க. புத்தகத்துல நாலு கியர்னு இருக்கு. இங்க அஞ்சு இருக்கு."

கூட்டத்திலிருந்து ஒரு பையன் உரக்கக் கேட்டான்: "அண்ணா, எங்க மாட்டினீங்க? செம ஸ்மூத்தா வருது. எனக்கும் வேணும்."

"சாட்சியும் இருக்கு" என்றார் ஆய்வாளர்.

என் இளமைக்காலம் முழுவதும், நான் நம்பாத அணிக்காகவும் வாதாடி வென்றிருக்கிறேன். அன்று முதன்முறையாக முழு உண்மையும் என் பக்கம் இருந்தது, ஒருவரும் நம்பவில்லை. நான் பேசப் பேச நிலைமை மோசமானது. பிஸ்டன் என்றேன், உச்சி என்றேன், பொறி என்றேன். இவ்வளவு அழகாக விளக்குகிறவன் நிச்சயம் எதையோ மறைக்கிறான் என்ற எண்ணம் அவர் முகத்தில் வளர்ந்தது. சரி, செயலால் நிரூபிப்போம் என்று மறுபடி உதைத்தேன். பதற்றத்தில் முழு உதை விழுந்தது. வண்டி ஒழுங்காக முன்னால் போனது.

"இப்போ ஃபார்வர்ட் போட்டிருக்கே" என்றார். "வேலை நல்லாத்தான் செஞ்சிருக்காங்க."

பாதி உதை உதைத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே தவறு செய்வது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது. பத்து உதை உதைத்தேன். ஒன்று கிளம்பவில்லை, அல்லது சரியாகக் கிளம்பியது. ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் கண்முன் மீன்கள் நீந்தின.

அக்காவை அழைத்தேன். முழுதும் சொன்னேன்.

"பேசிக்கிட்டே உதைச்சியா?"

"ஆமாக்கா."

"ஆண்டவரே! கைக்குப் பேசினே? சரி, அங்கேயே நில்லு. ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் அவரைக் கையெழுத்துப் போட விடாதே."

"எப்படியாவது பேசித் தடுக்கிறேன்."

"நக்கோ! பேசவே பேசாதே. டீ கொட்டிடுச்சுன்னியே, போய் டீ வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன். கொட்டிய தேநீருக்குப் பதில் தேநீர். இதைக் கையூட்டு என்று எவரும் திரிக்கவேண்டாம். மிகச் சூடாக வாங்கினேன். ஊதி ஊதிக் குடிப்பதற்குள் நேரம் போகும் என்ற கணக்கு. என் பொதுவாழ்வின் முதல் விவேகமான முடிவு அது. அவர் குடித்து முடிக்கும் தறுவாயில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

அக்கா வாதிடவில்லை. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதலில் நாற்காலியைத் தூக்கி நிமிர்த்தி, முறிந்த காலுக்கு ஒரு செங்கலை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். டிபன் கேரியரைத் துடைத்து அதன் மேல் வைத்தார். பிறகு கைகுவித்தார்.

"சார், என் வண்டிதான். தப்பா நினைக்காதீங்க. ரிவர்ஸ் கியர் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியணும். நீங்களே ஒருதடவை உக்காந்து பாருங்களேன்."

ஆய்வாளருக்கு அது நியாயமாகப் பட்டது. கோப்பு, பேனா இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். கிக்கரைப் பார்த்தார். முழு வேகத்தில் ஓர் உதை. வண்டி கச்சிதமாகக் கிளம்பியது. தடத்தில் ஒரு சுற்றுப் போனார். நான்கு கியர்களையும் மாற்றிப் பார்த்தார். ஐந்தாவது ஒன்றைத் தேடினார், கிடைக்கவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து, நாற்காலிக்கு முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் இறங்கிவிட்டால், அடுத்து அந்தப் பேனா. வாதத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். அக்கா என் பாதத்தின் மேல் தம் செருப்புக் காலை வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே புன்னகையோடு அவரிடம் கேட்டார்:

"சார், உங்க உதையைப் பார்த்தா பழகின கால் மாதிரி இருக்கே. காலேஜ் டைம்ல டூ-ஸ்ட்ரோக் ஓட்டினீங்களா?"

ஆய்வாளரின் முகம் மாறியது. இருபது வயது குறைந்தது.

"ஓட்டினேனாவா? என் ஃப்ரெண்டோட வண்டிம்மா. அவன் ஓட்டினதைவிட நான் ஓட்டினதுதான் அதிகம்."

"அப்படியா சார்! எங்கெல்லாம் போவீங்க?"

"எங்க போகல! லீவு விட்டா மூணு பேரும் ஒரே வண்டியில..." அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ஒரு கை மேலே எழுந்தது. "சொன்னா நம்பமாட்டீங்க, ஒருதடவை மழையில..." என்று சொல்லிக்கொண்டே, அந்தக் காலத்தில் எப்படி உதைப்பார் என்று காட்டுவதற்காக, பார்வை எங்கோ இருக்க, கிக்கரை ஒரு தட்டுத் தட்டினார்.

இன்ஜின் பற்றிக்கொண்டது.

செருமியது.

எனக்கும் கேட்டது. என் பாதத்தின் மீதிருந்த எடை கூடியது.

"ஃபர்ஸ்ட் போடுங்க சார்" என்றார் அக்கா, குழந்தைக்குச் சோறூட்டும் குரலில்.

"மூணு பேருமே நனைஞ்சு, போலீஸ் நிறுத்தி..." என்று சொன்னபடியே அவர் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். கதை முன்னால் போனது. அவர் பின்னால் போனார். செங்கல் சரிந்தது, நாற்காலி சாய்ந்தது, டிபன் கேரியர் இரண்டாம் முறையாக உருண்டது.

இன்ஜின் தானே அணைந்தது. ஆய்வாளர் அசையவில்லை. மெல்லத் தலையைத் திருப்பித் தமக்குப் பின்னால் கிடந்ததைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"யாராவது வீடியோ எடுத்தீங்களா?"

அத்தனை கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் பைகளுக்குள் போயின. எந்த அணிவகுப்பிலும் அப்படியோர் ஒழுங்கை நான் கண்டதில்லை.

அவர் இறங்கினார். குரல் தணிந்திருந்தது. "என்னம்மா இது?"

"பாதி மிதிச்சா திரும்பிடும் சார். இதுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. ரோஷம்தான் உண்டு."

ஆய்வாளர் என் பக்கம் கையை நீட்டினார். பேனாவுக்காக.

புதிய நண்பர்களே, நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய கணம் இதுதான். பேனா என் கையில். என் நாவின் நுனியில், என் வாழ்நாளின் ஆகச்சிறந்த நிறைவுரை. அது சொல்லுக்குச் சொல் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது: "கனம் ஆய்வாளர் அவர்களே! எந்தக் குற்றத்துக்காக எங்களைத் தண்டிக்க எண்ணினீர்களோ..." என்று தொடங்கும். ஒரு பட்டிமன்றத்தில் எதிரணித் தலைவரே எழுந்து நின்று என் கூற்றை மெய்ப்பித்தால் நான் என்ன செய்வேன்? அவரை அந்த மேடையிலேயே புதைத்து, மேலே நின்று கைதட்டல் வாங்குவேன். மேடையில் அது வெற்றி. ஏனெனில் மேடையில் எதிரணித் தலைவர் எனக்குக் கையெழுத்துப் போடவேண்டியதில்லை.

இவர் போடவேண்டும். போட நினைக்கிறார். நாற்பது பேர் முன்னிலையில் நாற்காலியை இடித்த ஒரு மனிதர், யாரும் எதுவும் சொல்லாதிருந்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு நல்ல காரியத்தைச் செய்ய நினைக்கிறார். நான் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பேனா வேறு கட்டத்தில் இறங்கும்.

நிறைவுரையை விழுங்கினேன். பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தேன். வணக்கம் மட்டும் சொன்னேன், அதையும் கையால்.

கையெழுத்து விழுந்தது. ஐந்தாண்டுகள்.

"சரி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் ஆய்வாளர்.

அக்கா சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஸ்டார்ட் பண்ணு."

இந்த முறை அவையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றி, மூச்சை இழுத்து, முழு உடல் எடையையும் வலக்காலில் இறக்கி உதைத்தேன். இன்ஜின் எழுந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆய்வாளரும் தலையைச் சாய்த்துக் கேட்டார். அக்கா வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "இது முன்னாடிதான் போகும்."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து அக்காவிடம் வண்டியைக் கொடுத்தபோது கேட்டேன்: "எப்படிக்கா தெரியும், அவர் பாதிதான் உதைப்பாருன்னு?"

"பேசுற ஆம்பளைங்க கால் பாதிதான் மிதிக்கும் தம்பி. மூணு வருஷமா உன்னையத்தானே பார்க்கிறேன்."

தொழில்நுட்பத் துறையில் இந்தச் சங்கத்துக்கு நான் அளித்த ஒரே பங்களிப்பு அதுவே என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அன்று மாலை மல்காஜ்கிரிக்குப் போயிருந்தேன். போர்ட்டிகோவில் அத்தான் அளவுநாடாவோடு நின்றிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதுமே அவர் கையிலிருந்த நாடா தானே சுருண்டுகொண்டது. அக்கா காகிதத்தை நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். நூலகர் அல்லவா, முத்திரைத் தேதியைச் சரிபார்த்தார்.

"மீனெல்லாம் சொல்லி வச்சிட்டேனே" என்றார், மிகவும் மெல்லிய குரலில்.

"அஞ்சு வருஷம் கழிச்சு விடலாம்ங்க. அதுவரைக்கும் கைக்குக் காலியா கிடக்கணும்?" என்ற அக்கா, அந்தப் புத்தம்புதிய கண்ணாடித் தொட்டியை நிமிர்த்தி வைத்து, மண்ணெண்ணெயை ஊற்றி, கார்புரேட்டரை அதற்குள் ஊறப்போட்டார். அத்தான் ஒப்பந்தத்தை மீறவில்லை. வாய் திறக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தொட்டிக்குள்ளே பித்தளைத் துண்டுகளிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக மேலெழுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புறப்படும்போது அவர் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது: "பரவாயில்ல. இதுவும் சத்தம் போடல."

பதிவுச் செயலாளருக்கான கோப்புகளையும், பென்சிலையும், மடக்கும் நாற்காலி ஒன்றையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். நாற்காலி எதற்கு என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள். அதோ, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. உங்களில் யார் முதலில் உதைக்கப்போகிறீர்கள்? எங்களுக்குச் சத்தம் காதில் விழவேண்டும். ஆகவே நான் இத்துடன் வாயை மூடிக்கொள்கிறேன்.